தோட்டத்துப் பாட்டிமாரும் நல்ல முதுமையும்

அமெரிக்க ஆய்வாளர்களான ரோவும் கானும் நல்ல முதுமைக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்கள்: நோய் குறைந்திருத்தல், உடலும் மனமும் இயங்குதல், வாழ்க்கையில் ஈடுபாடு. சீன முதியோர் பற்றிய ஆய்வுகள் பிள்ளைகளின் ஆதரவையும் பொருளாதார நிலையையும் சேர்த்துப் பார்க்கின்றன. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் முதல் அடையாளத்திலேயே நம் பாட்டிமார் தோற்றுவிடுவர். விடியுமுன் இறப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்கும் மழையில் கொழுந்து சுமந்தவர்களுக்கும் முழங்கால் நோகாமல் இருக்குமா?

ஆயினும் மனநிறைவோடு வாழும் பாட்டிமார் அங்கு உண்டு. அவர்களில் பலரிடம் நான் அவதானித்த ஒன்று, தன் பெயரில் வைத்திருக்கும் கொஞ்சக் காசு.

1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம் சேரவேண்டும். வேலை முடிந்து 30 நாட்களுக்குள் அதைக் கொடுக்கவேண்டும். சேமலாப நிதி வேறு. இந்தப் பணம் வந்ததும் பேரனின் ஆட்டோவுக்கும் பேத்தியின் கல்யாணத்துக்கும் போய்விடுகிறது. கொடுக்கட்டும், ஆனால் முழுவதையுமா? வங்கிப் புத்தகத்தைத் தன் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பாட்டியின் சொல்லுக்கு லயத்தில் மதிப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவர் வெற்றிலைக்கும் மகனிடம் கை நீட்டுகிறார்.

ஈடுபாடு என்பதையும் யோசிக்க வேண்டியுள்ளது. மகள் வெளிநாட்டிலோ கொழும்பிலோ வேலைக்குப் போக, பேரப்பிள்ளைகளை வளர்ப்பவர் பாட்டி. அதில் அவருக்குச் சந்தோசம் உண்டு. ஆனால் ஓய்வில்லை என்றால், அது பேர் பதியாத இன்னொரு செக்ரோல்தான். வாரத்தில் ஒரு பொழுதாவது கோயிலுக்கோ முதியோர் சங்கத்துக்கோ அவர் போய்வர வீட்டார் இடம்கொடுக்க வேண்டும். தம்மைப் பராமரிக்க வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரவும் 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. பெற்ற பிள்ளைமீது முறைப்பாடா என்று பலர் தயங்குவது விளங்கக்கூடியதே.

1977, 1981, 1983 வன்செயல்களால் இத்தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல. இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலரின் தாயோ மாமியோ அப்படி வந்தவராக இருக்கலாம். அவர் சேமலாப நிதியை எடுத்தாரா என்று கேளுங்கள். தோட்டத்தின் பெயர், அங்கத்துவ இலக்கம், பழைய சம்பளத்துண்டு, எது கிடைத்தாலும் அருகிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயரும் தோட்டப் பதிவில் இன்னொரு பெயரும் இருந்தால், அதையும் முதல் நாளே அங்கு சொல்லிவிடுங்கள்.