ரத்தம் குறைந்தால் சுகர் ஏறுமா?

புனேயின் கராடியில் ஐடி வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, கம்பெனி ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டை செல்போனில் காட்டினாள். வயது 29. ஹெச்பிஏ1சி 6.1. பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. அன்றைக்கே சோற்றை விட்டுவிட்டாள். அதே ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் ஹீமோகுளோபின் 8.9 என்று இருந்ததை அவளும் கவனிக்கவில்லை, ரிப்போர்ட் கொடுத்தவர்களும் சொல்லவில்லை.

மூன்று மாதக் கணக்கு

ரத்தத்தில் ஓடும் சர்க்கரை, சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்ளும். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்று அளப்பதுதான் ஹெச்பிஏ1சி; அதில் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரியும். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் நோய். அணுக்களின் ஆயுள் எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்கும் என்று நம்பிப் போட்ட கணக்கு இது.

இரும்புச்சத்து குறைந்தால் புது அணுக்கள் மெதுவாகத்தான் உருவாகும். ரத்தத்தில் பழைய அணுக்களின் பங்கு கூடும். நெடுநாள் சுற்றிய அணுவில் சர்க்கரையும் கூடுதலாக ஒட்டியிருக்கும். சர்க்கரை ஏறாமலே எண் ஏறுவதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம் இதுதான்.

புனேயிலேயே நடந்த ஆய்வு

புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக் குழுவினர், இருபது வயதைக் கடந்த 116 இளைஞர்களைப் பரிசோதித்து 2012-ல் 'டயபடிஸ் கேர்' இதழில் எழுதினார்கள். குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்த்தபோது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் 7.8 சதவீதம். ஹெச்பிஏ1சி-யை வைத்துப் பார்த்தால் 23.3 சதவீதம்! பரிசோதித்த 116 பேரில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ரத்தசோகை இருந்தது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) மகாராஷ்டிரத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 54.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்த ஊரில் ஹீமோகுளோபினைப் பார்க்காமல் ஹெச்பிஏ1சி-யை மட்டும் படிப்பது பாதி ரிப்போர்ட்டைப் படிப்பதுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு

திடீர் ரத்தப்போக்கு, ரத்தம் ஏற்றிக்கொள்வது, அணுக்கள் சீக்கிரம் உடைகிற நோய்கள் போன்றவற்றில் எண் பொய்யாகக் குறையும். எனக்கு இதுதான் அதிகம் பயமளிக்கிறது. நல்ல எண்ணைப் பார்த்தபிறகு யாரும் மறுபடி டெஸ்டுக்குப் போவதில்லை.

என்ன கேட்கலாம்?

வெறும் வயிற்றுச் சர்க்கரை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின். இந்த மூன்றையும் டாக்டரிடம் கேளுங்கள். எண் 6.5-ஐத் தாண்டியிருந்தால் 'ரத்தசோகைதானே' என்று ஒதுக்கிவிடவும் கூடாது. டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தால் அதை டீயோடு விழுங்காதீர்கள். தெருவுக்குத் தெரு அம்ருததுல்யா டீக்கடை உள்ள புனேயில் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

தோழிக்கு வெறும் வயிற்றில் 88, குளுக்கோஸுக்குப் பின் 121. ஃபெரிட்டின் வெறும் 6. சோறு தட்டுக்குத் திரும்பிவிட்டது. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஹெச்பிஏ1சி-யை, ஹீமோகுளோபின் தேறி மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.