ஈறில் ரத்தமா? துலக்குவதை நிறுத்தாதீர்கள்

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தால், ‘அழுத்தித் தேய்த்துவிட்டோம், இரண்டு நாள் அந்தப் பக்கம் தொடவேண்டாம்’ என்று விட்டுவிடுகிறீர்களா? நோய்க்குத் தீனி போடுவதே அதுதான்.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் ஒட்டும் வழுவழுப்பான படலம் முழுக்கப் பாக்டீரியா. அதை எதிர்க்க உடல் அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது, லேசாகப் பட்டாலே கசிகிறது. படலத்தை அகற்றாவிட்டால், உமிழ்நீரிலுள்ள கால்சியம் படிந்து சில நாள்களில் காரையாக இறுகிவிடும். பிறகு பிரஷ்ஷுக்கு அசையாது. பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்கவேண்டும். இதுவரை ஈறு பழைய நிலைக்குத் திரும்பும். பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்தால் திரும்பாது. பெரும்பாலும் வலியே இருக்காது, அதுதான் மோசம்.

மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் சாய்த்து, 2 நிமிடம் மெதுவாகத் துலக்குங்கள். 2 வாரத்தில் ரத்தம் நிற்காவிட்டால் பல் கிளினிக்குக்குச் செல்லுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கவேண்டாம். அவர்களுக்கு ஈறு நோய் எளிதில் முற்றிவிடும்.