பேல் பசாரில் ஒரு ஜேர்சி

நுவரெலியாவுக்கு வரும் உல்லாசப் பயணிகள் கிரகரி வாவியைச் சுற்றிப் பார்த்து, விக்டோரியா பூங்காவில் படம் பிடித்து, கடைசியில் குளிர் தாங்காமல் தேடிச் செல்லும் இடம் பேல் பசார். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே உள்ள ஊர் இது. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மெல்லிய சட்டையோடு வந்து இறங்குபவர்கள் மாலை ஐந்து மணிக்கே நடுங்கத் தொடங்குவார்கள். சற்று நேரத்தில் குடும்பமே பசாரில் நிற்கும். ஏப்ரல் சீசனில் அங்கே கால் வைக்க இடமிருக்காது.

கூரை வரை ஜக்கெட்டுகள் தொங்கும். தோல் ஜக்கெட், காது மூடும் தொப்பி, கையுறை, முழங்காலுக்குக் கீழே இறங்கும் கோட், பனிமான் படம் பின்னிய பிள்ளைகளின் ஜேர்சி என்று எல்லாம் கலந்து கிடக்கும். இலங்கையில் ஒருபோதும் விழாத பனிக்காகத் தைக்கப்பட்ட உடுப்புகளும் அவற்றுள் உண்டு. அவற்றையும் யாரோ வாங்கிப் போகிறார்கள்! விலை ஒட்டிய கடைகள் குறைவு. வாகனத்தைப் பார்த்து ஒரு விலை, பேச்சைக் கேட்டு ஒரு விலை. பேரம் பேசத் தெரிந்தவர்கள் சொன்ன விலையில் பாதியிலிருந்து தொடங்குவார்கள்.

பேல் என்பது இறுக்கிக் கட்டிய பொதி. வெளிநாட்டில் உடுத்திக் கழித்த துணிகள் பொதி பொதியாக வந்து விற்கப்பட்டதால் ஏற்பட்ட பெயர். இன்று அங்கே விற்பவற்றில் நமது ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சியவையும் நிறைய உண்டு. வெளிநாட்டு நிறுவனம் ஓடர் கொடுக்கும்போது, பழுது வந்தால் ஈடு செய்வதற்காகத் தொழிற்சாலை சிறிது கூடுதலாகத் தைக்கும். அது மிஞ்சும். ஒரு தையல் கோணினாலும், நிறம் சற்று மாறினாலும் கழித்து விடுவார்கள். இவை பல கை மாறி, சிலவேளை கழுத்து லேபல் வெட்டப்பட்டு, மலை ஏறி வருகின்றன. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கப்பட்டது. இன்று நமது தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போயிருக்கிறார்கள். மகள் தைத்த கை, தாய் வாங்கும் ஜேர்சியில் இருந்தாலும் இருக்கலாம். இருவருக்கும் அது தெரிய வாய்ப்பில்லை.

பழைய துணி வியாபாரம் உலகளாவியது. இந்தியாவில் பானிபட் நகரம் பழைய கம்பளித் துணிகளைப் பிய்த்து நூலாக்கிப் போர்வை நெய்வதற்குப் பேர்போனது. கானா நாட்டின் கண்டமாண்டோ சந்தையை ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகள் நம்பியிருக்கிறார்கள். 2025 ஜனவரித் தொடக்கத்தில் அந்தச் சந்தையின் பெரும் பகுதி எரிந்து போனது.

கொழும்பு இளைஞர்கள் இந்தப் பழைய கோட்டுகளை ‘விண்டேஜ்’ என்று ஆசையாக வாங்குகிறார்கள். வெப்லன் என்ற அறிஞர் 1899இலேயே, உடுப்பு உடலை மூடுவதற்கு மட்டுமல்ல, கையிருப்பை ஊருக்குக் காட்டுவதற்கும்தான் என்று எழுதினார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பாடத்தில் படித்தபோது எனக்கு அது புத்தகக் கருத்தாக மட்டுமே இருந்தது. லயங்களில் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் அதன் மறுபக்கம் விளங்கியது. வசதியுள்ளவர் பழையதை உடுத்தினால் நாகரிகம். கொழுந்து பறிக்கும் பெண் அதையே உடுத்தினால், “பேல் உடுப்பா?” என்று பக்கத்துக் காம்பராவிலேயே கேட்பார்கள். பாடசாலையில் பிள்ளைகளும் கேலி செய்வார்கள். அதனால் பலர் வாங்கிய இடத்தை வெளியில் சொல்வதில்லை.

தோட்டத்துப் பெண்ணுக்கும் குளிருடுப்புக்கும் உள்ள கணக்கு பழையது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் கொடுத்த கம்பளி இனாமல்ல. அதன் விலை கடனாகப் பேரேட்டில் ஏறி, சம்பளத்தில் கழிக்கப்பட்டது. இன்று இடுப்பில் படங்கைக் கட்டி, மேலே கணவனின் பழைய ஜக்கெட்டைப் போட்டு மலைக்குப் போகிறவர்கள் அதிகம். 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நாட்சம்பளம் உயர்ந்தது. ஆயினும் நல்லதொரு ஜக்கெட்டின் விலை ஒருநாள் பேருக்கு மேலேயே நிற்கிறது. எனவே சீசன் முடிந்து கூட்டம் குறையும் மே மாதத்தில்தான் அவர்கள் டவுனுக்கு இறங்குகிறார்கள்.

வாங்கும் சகோதரிகளுக்கு அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்ல வேண்டும். மழையில் நிற்பவர்களுக்குப் பருத்தி உதவாது. நனைந்தால் உடலோடு ஒட்டிக் குளிரைக் கூட்டும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு சூடு தரும். பொலியெஸ்டர் ஜேர்சி சீக்கிரம் காயும், ஆனால் விறகடுப்புப் பக்கம் அதைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் விடயத்தில் இது மிக முக்கியம். சிப்பை இரண்டு மூன்று தரம் இழுத்துப் பாருங்கள். அக்குளையும் மணிக்கட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய துணியென்றால், துணி தாங்குமானால் சுடுநீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே உடுத்த வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைச் சிதைத்தபோது, நிவாரண உடுப்பு மூட்டைகளைப் பிரிக்கும் வேலையில் நானும் இருந்தேன். நல்லவையும் வந்தன. பொத்தானில்லாத சட்டைகளும், கிழிந்த உள்ளாடைகளும் வந்தன. ஓர் அம்மா தனக்குக் கிடைத்த பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார். “மிஸ், குடுத்ததைக் குறை சொல்லக் கூடாது. ஆனா பசாருல நாங்களே பிரிச்சுப் பாத்து, புடிச்சத எடுப்போம். இங்க எங்களப் பாத்து யாரோ எடுத்து வச்சிருக்காங்க” என்றார். மறுநாளிலிருந்து பைகளில் போடுவதை நிறுத்தி, அளவுப்படி மேசைகளில் பரப்பி வைத்தோம். நேரம் அதிகம் எடுத்தது. சண்டை ஏதும் வரவில்லை.

துணிக்கடைகளில் நிற்கும் பிள்ளைகளையும் சொல்லாமல் விட முடியாது. சாதாரண தரம் எழுதிவிட்டுத் தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வேலைக்கு வருபவர்கள் பலர். சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் பேசி, நாள் முழுக்க நின்றபடி விற்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை ஒரு கடையில் இரண்டு வருடம் வேலை செய்தும் நியமனக் கடிதம் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. “அண்ணன் நல்லவர், கேட்டா கோவிச்சுக்குவார்” என்கிறாள்.

கோபத்துக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஒரே ஒரு ஊழியர் உள்ள கடைக்கும் பொருந்தும். வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் நின்றால் மேலதிகக் கொடுப்பனவு உண்டு. சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம் சேர வேண்டும். இதைவிட, நம்பிக்கை நிதிக்கு 3 வீதத்தை முதலாளி தனியாகக் கட்ட வேண்டும். மாதத்துக்கான தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. சேமலாப நிதியில் சேர்ந்ததற்கு அத்தாட்சி ‘பீ’ அட்டை. அது கையில் இல்லாதவர்கள் அடையாள அட்டையுடன் தொழில் அலுவலகத்துக்குப் போய் முறையிடலாம். சீசன் தொடங்குமுன் போவது நல்லது. ஏப்ரலில் லீவு கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது.