கருத்தாய்வு அழைப்புகள் ஏன் குறைகின்றன?

பல்கலைக்கழக விடுமுறையில் கேமரன் மலைத் தோட்டத்து வீட்டிற்குத் திரும்பும் மாணவர்களுள் சிலர், கைச்செலவுக்காக இணையக் கருத்தாய்வுகளில் பதிந்துகொள்வதுண்டு. தொடக்கத்தில் மின்னஞ்சல் அழைப்புகள் அடுக்கடுக்காய் வரும். போகப் போக ஒன்றிரண்டாகி, பின் அதுவும் நின்றுவிடும். "நாம் என்ன தவறு செய்தோம்?" என்று மனம் குழம்பும். பெரும்பாலும் தவறு ஏதுமில்லை, கணக்குதான் காரணம்.

நாட்டின் மக்கள்தொகையைப் பின்பற்றி ஆய்வு நிறுவனங்கள் இடம் ஒதுக்குவது வழக்கம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காட்டினர். ஆகவே, 1,000 பேரிடம் நடத்தும் ஆய்வில் நமக்குரிய இடம் ஏறத்தாழ 67. மாநிலவாரியாகப் பிரித்தாலோ பகாங் முழுமைக்கும் ஏறத்தாழ 50 இடங்களே. அவை நிரம்பியதும் கதவு அடைபடும்.

நம் வயது, ஊர், வாங்கும் பொருள் முதலியவை பதிவாகப் பதிவாக, பொருந்தாத ஆய்வுகள் நமக்கு அனுப்பப்படுவதில்லை. இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது காரணம் நமக்கே உரியது. "உங்கள் வீட்டில் யாரேனும் இத்தொழிலில் உள்ளனரா?" என்பது வழக்கமான முதற்கேள்வி. 'ஆம்' என்றால் அத்துடன் முடிந்தது. 1929இல் போ தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு இம்மலைத் தேயிலையில் தமிழர் உழைப்பு கலந்துள்ளது. ஆயினும், கொழுந்து பறித்தவரின் பிள்ளையிடம் தேநீர் பற்றிய ஆய்வு வராது. இது இழிவன்று, தொழிலைச் சாராத வாடிக்கையாளரின் கருத்தையே அவர்கள் தேடுகின்றனர்.

அவசரமாக ஒரே விடையைத் தட்டிக்கொண்டே போவதும், அழைப்புகளைத் திறக்காமல் விடுவதும் நம் தரத்தைக் குறைக்கும். அண்ணன் தம்பி மூவர் ஒரே கைத்தொலைபேசியில் பதிந்தால், ஒருவரே மூன்று பெயரில் வருவதாகக் கணினி ஐயுறும்.

அதற்காகப் பொய் விவரம் தரலாமா? கூடாது. முரண்பாடு தெரிந்தால் கணக்கே மூடப்படும். விவரங்களை உண்மையாகப் புதுப்பித்து வைப்பதே வழி. அழைப்பு குறைந்த நேரத்தில், "கட்டணம் கட்டினால் நிறைய ஆய்வு தருகிறோம்" என்போரிடம் ஏமாறாதீர். கருத்துச் சொல்பவர் பணம் கட்டத் தேவையே இல்லை. ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் உடனே 997 எண்ணை அழையுங்கள்.

இதை வருமானமாக எண்ணாமல் சில்லறையாகவே எண்ணுவோம். ஆனால், அந்த 67 இடங்களும் நகரத்தாரால் மட்டுமே நிரம்பினால் தோட்டத்துத் தேவைகள் எவர் காதிலும் விழா. அழைப்பு அரிதாக வந்தாலும் உண்மையான விடை தருவோம்.