விண்கப்பலுக்கு வெட்டிய மாஸ்க்

"அம்மா, நீதான் நறுக்குன்னு பிளவுஸ் வெட்டறியே, இதையும் வெட்டிக் கொடேன்!" என்று பத்தாவது படிக்கும் என் மகள் ஒரு பிளாஸ்டிக் விண்கப்பலை நீட்டினாள். இது என்ன பிரமாதம் என்றுதான் நினைத்தேன்.

'ஸ்டார் டிரெக்' படத்தில் வரும் 'என்டர்பிரைஸ்' கப்பல் அது. கதைப்படி 305 மீட்டர் நீளம். ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கியதால், அவள் கையில் இருந்தது ஓர் அடி ஸ்கேல் அளவுதான். 1979-ல் வந்த சினிமாவுக்காகச் செய்த மாதிரி சுமார் 8 அடி நீளம். தகடு தகடாக இணைத்த கப்பல்போல் தெரிவதற்காக, முத்துப்போல் மின்னும் பெயிண்ட்களை இலேசான நிற வித்தியாசத்தில் அதற்கு அடித்திருந்தார்கள். ஒரே வெள்ளையாக அடித்தால் பொம்மையாகத்தானே தெரியும்?

அந்தக் கட்டங்கள் வர, பெயிண்ட் படக்கூடாத இடத்தை டேப் ஒட்டி மறைக்க வேண்டும். இதுதான் 'மாஸ்க்'.

டேப்பைக் கப்பல் மேலேயே ஒட்டி, பிளேடால் அழுத்தி வெட்டினேன். உரித்துப் பார்த்தால், நீளமாக ஒரு கீறல்! பிறந்த நாள் பணத்தில் வாங்கி, இரண்டு மாதமாக ஒட்டி முடித்த கப்பல். அவள் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் கீறலில் புட்டி அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி வெள்ளை அடித்தோம். பிறகு, வேண்டாத டப்பா மூடிகளில் இருவரும் பழகிக் கற்றுக்கொண்டது இது:

* அடி பெயிண்ட் ஒரு நாளாவது நன்றாகக் காயட்டும்.

* மாடல்களுக்கென்றே விற்கும் மெல்லிய காகித டேப்பை ஒட்டி, பல்குச்சியால் கோட்டுப் பள்ளத்தில் அழுத்தினால் அச்சு தெரியும். பென்சிலால் வரைந்து உரித்து, கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி வெட்டுங்கள். பிளேடு புதிதாக இருக்கட்டும். மழுங்கியது காகிதத்தைப் பிய்த்துவிடும்.

* வளைவில் பெரிய துண்டு சுருங்கும். பிளவுஸுக்கு டார்ட் பிடிக்கிறோமே, அதே கணக்குத்தான்; சின்னச் சின்னத் துண்டாக ஒட்டுங்கள்.

* ஓரங்களை நகத்தால் அழுத்தி, முதலில் அடி நிறத்தையே இலேசாக அடியுங்கள். இடுக்கில் கசிந்தாலும் அதே நிறம்தானே! அது காய்ந்த பிறகு புது நிறத்தை மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள்.

* பெயிண்ட் கெட்டியாக இறுகுவதற்குள், டேப்பைப் பின்பக்கமாக மடித்து மெதுவாக உரியுங்கள்.

ஸ்பிரே அடிக்கும்போது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். பெயிண்ட் புகைக்கு ஏற்ற முகக்கவசம் அவசியம். அடுப்பு எரியும் பக்கமே வேண்டாம். பழைய பிளேடுகளை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். கண்ணுக்கும் நடுநடுவே ஓய்வு கொடுங்கள்.

கடைசி டேப்பை, "நீயே உரிம்மா" என்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தேன். நூல் பிடித்தாற்போல் கோடு! கீறல் இருந்த இடம் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

கப்பலைக் கவிழ்த்து வைத்தாள். "அடிப்பக்கம் பாக்கி இருக்கு. அதையும் நீதான் வெட்டணும்."

அன்றைக்கு இரண்டு தோசை அதிகமாகவே சாப்பிட்டாள்.