நீரின்மேல் விரைந்த சீமாட்டி

மோட்டார்ப் படகு என்றதும் நம் நினைவுக்கு வருவது உல்லாசப் பயணமே. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி மகிழ்வோடு கரையேறுகிறோம். அதே படகு மணிக்கு நூறு மைல் வேகத்தில் பாயும்போது மென்மையான தண்ணீர் கல்லைப்போல் கடினமாகிவிடுகிறது. சிற்றலை ஒன்று போதும், படகைத் தூக்கி எறிய! அத்தகைய வேகத்தைத் தமது 62ஆம் வயதில் எட்டியவர் ஆரன் சீமாட்டி பியோனா.

அவர் 1918ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பழமையான ஓர் உயர்குடியில் பிறந்தார். அவர் குடும்பத்தின் இருப்பிடம் லொமாண்ட் ஏரிக்கரையில் இருந்தது. 1932இல், அவர் சிறுமியாயிருந்தபோது, கே டான் என்பவர் அதே ஏரியில் மணிக்கு 119 மைல் வேகத்தில் படகு செலுத்தி உலக சாதனை படைத்தார். 1937இல் பியோனாவுக்குத் திருமணம் நடந்தது. 1958இல் கணவர் ஆரன் பிரபுவானார். இரு புதல்வர்களும் வளர்ந்தபின், நாற்பது வயதைக் கடந்தே பியோனா பந்தயங்களில் இறங்கினார்.

நீர்வேக சாதனை எவ்வாறு கணக்கிடப்படுகிறது? காற்று ஒரு திசையில் படகுக்குத் துணை செய்யக்கூடும். ஆகவே அளந்து குறித்த தூரத்தை இரு திசைகளிலும் கடக்கவேண்டும். இரண்டின் சராசரியே சாதனை வேகமாகும். முதல் ஓட்டத்தில் படகே எழுப்பிய அலைகள் அடங்குமுன் திரும்பினால் ஆபத்து. எனவே துணிவோடு பொறுமையும் வேண்டும்.

இங்கிலாந்திலுள்ள வின்டர்மியர் ஏரி இதற்குச் சான்று. 1930 ஜூன் 13ஆம் நாள் சர் ஹென்றி சீக்ரேவ் அங்கே 98.76 மைல் வேகத்தில் உலக சாதனை நிகழ்த்தினார். அன்றே மீண்டும் ஓட்டியபோது படகு கவிழ்ந்து உயிர் நீத்தார். உடன் சென்ற பொறியாளர் ஒருவரும் மாண்டார்.

ஐம்பது ஆண்டுகளுக்குப்பின், 1980இல், அதே ஏரியில் பியோனா 'ஸ்கியன் டூ' என்னும் கடற்பந்தயப் படகைச் செலுத்தினார். ஸ்காட்லாந்து ஆடவர் காலுறையில் செருகிக்கொள்ளும் சிறு கத்திக்கே அப்பெயர். படகின் வேகம் நூறு மைலைத் தாண்டியது! சீக்ரேவின் நினைவாக அவர் துணைவியார் ஏற்படுத்திய சீக்ரேவ் கோப்பை அவ்வாண்டு பியோனாவுக்கு அளிக்கப்பட்டது. விமானம் ஓட்டிய வீராங்கனை ஏமி ஜான்சன் 1932இல் பெற்ற கோப்பையும் இதுவே.

அவர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 1989இல், தமது 71ஆம் வயதில், நாட்டிங்காம் அருகே மின்கலத்தால் இயங்கும் படகில் ஏறினார். 'பொறி' என்று பொருள்படும் கேலிக் மொழிப் பெயர் கொண்ட அப்படகு புகை கக்கவில்லை. மணிக்கு 50.825 மைல் வேகத்தில் சென்று, மின்படகுகளுக்கான உலக சாதனை படைத்தது. நூறு மைலைக் கண்டவர் ஐம்பது மைலுக்காக ஏன் முயன்றார்? பழைய வெற்றியைப் பேசிக்கொண்டிராமல் புதியதொன்றைத் தொடங்கிவைக்க விரும்பினார் போலும். 2013ஆம் ஆண்டு, 94ஆம் வயதில் அவர் மறைந்தார்.

தோழியரே, செல்வமும் பட்டமும் அவருக்குப் பிறப்பாலும் மணத்தாலும் வந்தவை. ஆனால் நீர் சீமாட்டி என்றும் ஏழை என்றும் பார்ப்பதில்லை. சுக்கானைப் பிடித்த கையின் பயிற்சி ஒன்றே அங்கு துணை நிற்கும். நாம் ஏற்கும் பணி எதுவாயினும், அஞ்சாமலும் அவசரப்படாமலும் அதைக் கற்றுத் தேறுவோம். "இனி நமக்கெதற்கு?" என்று சொல்லும் நம் அன்னையரிடமும் பாட்டிமாரிடமும் இக்கதையை மறவாமல் சொல்வோம்!