புல்லட்டின் எண்ணெய் எங்கே போகிறது?

நம் வீடுகளில் 'சம்ப்' என்றால் குழாய்த் தண்ணீர் வந்து விழும் தரையடித் தொட்டி. எஞ்சினிலும் அதே பொருள்தான்; தண்ணீருக்குப் பதில் எண்ணெய். நம் ஊர் பஜாஜின் பல்சர் போன்ற இன்றைய பைக்குகளில் எண்ணெய் எஞ்சினின் அடியிலேயே தேங்கி நிற்கும். இது 'வெட் சம்ப்'.

சென்னை திருவொற்றியூரில் 1950-களில் தயாராகத் தொடங்கி, 2010-ஐ ஒட்டி நின்றுபோன வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டின் ஏற்பாடு வேறு. அது 'டிரை சம்ப்'. சம்ப்பில் விழும் தண்ணீரை உடனுக்குடன் மேல்தொட்டிக்கு ஏற்றிவிடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் இரண்டு பம்ப்புகள் உண்டு. ஒன்று, தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்து, பில்டர் வழியாக கிராங்க் ஷாப்ட்டின் பிக் எண்ட் பேரிங்குக்கு அனுப்பும். வேலை முடிந்து கீழே வடியும் எண்ணெயை மற்றொன்று இழுத்துத் தொட்டிக்கே திருப்பும். திருப்பும் பம்ப்புக்குத்தான் கொள்ளளவு அதிகம். அதனால் அடியில் எண்ணெய் தேங்காது. கனமான பிளைவீல்கள் எண்ணெயைக் கடைந்து சக்தியை வீணாக்குவதுமில்லை.

நார்ட்டன், டிரையம்ப் போன்ற பழைய ஆங்கிலேய வண்டிகளில் எண்ணெய்த் தொட்டி வெளியே தனியாகத் தெரியும். புல்லட்டில் அது எஞ்சின் வார்ப்புக்குள்ளேயே அடங்கியிருப்பதால், பலர் இதையும் வெட் சம்ப் என்றே நினைத்துவிடுகிறார்கள்.

வம்பு இங்கேதான். கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். வண்டி புனேயில் நிற்கிறது. தேய்ந்த பம்ப்பின் இடுக்கு வழியாகத் தொட்டி எண்ணெய் மெல்ல மெல்லக் கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடுகிறது. திரும்பி வந்து அளவுகோலைப் பார்த்தால் எண்ணெய் குறைவு! உடனே அரை லிட்டர் ஊற்றுகிறோம். கிளப்பியதும் நீலப்புகை, பிரீதர் குழாயில் எண்ணெய் ஒழுகல்.

கட்கியில் என் அண்டை வீட்டுப் பையனுக்கு இதுவே நடந்தது. "மாமா, ரிங் போச்சாம், ரீபோர் பண்ணணுமாம்" என்று வந்து நின்றான். மிகுதியான எண்ணெயை வடித்து, பத்து நிமிடம் ஓடவிட்டோம். புகை நின்றது. ரீபோர் செலவு மிச்சம்.

ஆகவே, பழைய புல்லட் வைத்திருக்கும் அன்பர்கள் கவனிக்க வேண்டியவை:

நீண்ட நாள் நின்ற வண்டியில், கோலைப் பார்த்ததும் எண்ணெய் ஊற்றாதீர்கள். கோலில் ஓரளவு எண்ணெய் தெரிந்தால், சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, உடனே மறுபடி பாருங்கள். அதுவே உண்மையான அளவு. அப்போதும் குறைந்திருந்தால் ஊற்றலாம்.

கோலில் எண்ணெய் அறவே தொடவில்லையென்றால் எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். பேரிங்குக்கு எண்ணெய் போகாது. தரையில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெக்கானிக்கிடம் சொல்லிக் கிராங்க்கேஸை வடித்தபின் புது எண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள்.

எஞ்சின் நன்றாகச் சூடேறி, எண்ணெய் அளவு சரியாக இருந்தும் புகை நிற்காவிட்டால், அப்போது ரிங்கைச் சந்தேகியுங்கள். அடிக்கடி எண்ணெய் இறங்கினால் பம்ப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். சிலிண்டரில் கை வைப்பது கடைசி வேலையாகவே இருக்கட்டும்.